முதலில் பிறேக், பிறகுதான் எஞ்சின்

புதுவாகனத்தின் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. வளவு மூலையில் கிடக்கும் பழைய மொறிஸ் பிக்கப்பின் பக்கம் கண்கள் திரும்புகின்றன. அவசரப்பட்டு எழுப்பினால் என்ன போகும்? பொறுத்து எழுப்பினால் என்ன மிஞ்சும்?

வலிகாமத்தில் ஒரு வளவு. மாட்டுக்கொட்டிலோடு ஒட்டி இறக்கிய தகரப் பத்திக்குள் தேங்காய் மட்டையும், கழற்றி வைத்த யன்னல் நிலையும், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தாங்கியும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்ட பிறகுதான் அடியிலிருந்து அந்த வளைந்த பொனற் தெரிந்தது. நாலு சில்லும் நிலத்தில் புதைந்திருந்தன. பின்பெட்டியில் கோழி அடைகிடந்த வைக்கோல். கதவின் கீழ்விளிம்பு முழுக்கக் கறையான் மண்.

லண்டனிலிருந்து லீவில் வந்த மகன் புதுப் பற்றறி ஒன்றும் ஐந்து லீற்றர் பெற்றோலும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா ஓட்டிய வண்டியின் சத்தத்தை அம்மாவுக்குக் கேட்கச் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுபதைத் தாண்டிய மெக்கானிக் வந்தார். பொனற்றைத் தூக்கினார். பற்றறியைப் பார்த்தார்.

"தம்பி, அதை அங்காலை வையுங்கோ. திறப்பை என்னட்டைத் தாங்கோ."

வாங்கிய திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டுவிட்டு நாலு பிளக்கையும் கழற்றினார். ரோச் அடித்து ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் குனிந்து பார்த்தார். டீசலும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து, ஊசி மருந்துக் குழாயால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பிளக் துவாரங்களைத் துணியால் அடைத்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மகனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த எஞ்சினைக் காப்பாற்றியது அந்த மறுப்புத்தான்.

இப்படியான காட்சி இன்று வடக்கில் அபூர்வமானதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நீங்கிய பிறகும் சுங்கம், மேலதிக வரி, வற் எல்லாம் சேர்ந்து விலையைக் கீழே இறங்க விடவில்லை. தோட்டத்து வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்ற ஒரு சின்ன வண்டி வேண்டும் என்பவரும், அப்பாவின் நினைவாக ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பவரும் இப்போது ஒரே பத்திக்குள்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

பத்திக்குள் போன கதை

மொறிஸ் மைனர் கார் 1948இல் வந்தது. அதன் வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. அறுபதுகளில் அரசு இறக்குமதியை இறுக்கிய பிறகு, நாட்டில் ஏற்கெனவே இருந்த வண்டிதான் வண்டி என்றானது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. அந்தக் காசில் பழைய பிக்கப்கள் கைமாறின, திருத்தப்பட்டன, சந்தைக்கு ஓடின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் யப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. மொறிஸ் மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

அதை மறுபடி வீதிக்கு இழுத்தது யுத்தம். 1990இல் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் சில வண்டிகள் ஆட்களையும் பாய் தலையணையையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போயின. பல, வீட்டுக்காரர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையில் வளவிலேயே விடப்பட்டன. திரும்பி வந்தவர்களில் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள், வெளிநாடு போனார்கள், வயதானார்கள். வண்டி பத்திக்குள்ளேயே கிடந்தது.

---
பெட்டிச் செய்தி: மொறிஸ் மைனர் பிக்கப்

வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரை வடிவமைத்தவரும் அவரே. மைனர் வகையில் மொத்தம் சுமார் 16 இலட்சம் வாகனங்கள் உற்பத்தியாகின. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுதான். பிக்கப்பின் எஞ்சின் 803 சீசீயில் தொடங்கி 948, 1098 என வளர்ந்தது. காருக்குப் போடியே சட்டம். பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் சேசி உண்டு. அதனால் போடி இற்றுப்போனாலும் சேசி உறுதியாக இருந்தால் வண்டியை மீட்கலாம். இதே ஏ-சீரிஸ் குடும்பத்து எஞ்சின் மினி கார்களில் 2000ஆம் ஆண்டு வரை பொருத்தப்பட்டது. உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைப்பதற்குக் காரணம் அதுவே.

---

மண்ணெண்ணெய் விட்டுச்சென்ற தடம்

தடைக் காலத்தில் ஓடிய வண்டியின் ஹெட்டைத் திறந்தால் அந்தக் காலம் முழுவதும் உள்ளே கரியாக ஒட்டியிருக்கிறது. பிஸ்ரன் தலையிலும் வால்வின் கழுத்திலும் சுரண்டி எடுக்கவேண்டிய தடிப்பில் படிந்த கரி அது.

பழைய பிரித்தானிய எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதம். ஏ40 எஞ்சினில் அது ஏழுக்கு ஒன்றை ஒட்டியது. இன்றைய கார்களில் பத்தைத் தாண்டும். அமுக்கம் குறைவு என்பதால் தரம் குறைந்த எரிபொருளையும் அந்த எஞ்சின் இடிக்காமல் ஏற்றுக்கொள்ளும். சிக்கல் குளிரில்தான். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, ஹான்டில் போட்டுச் சுற்றி, சூடேறும் வரை உறும விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். யாழ்ப்பாணத்து வீதியில் அந்தப் புகை மணம் தெரியாத நடுவயதுக்காரர் இருக்கமாட்டார்.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலை உள்ளே நடந்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தொட்டிக்குள் வடிந்தது. ஒயில் நீர்த்தது. நீர்த்த ஒயிலில் சுழன்ற பெயரிங்குகளும் றிங்குகளும் தேய்ந்தன. அந்த நிலையில் நிறுத்தப்பட்ட எஞ்சின்தான் இன்று பத்திக்குள் கிடப்பது. பழைய ஒயிலை மாற்றாமல், ஒயில் தொட்டியைக் கழற்றி அடியில் உறைந்திருக்கும் கரிய களியை வழித்தெடுக்காமல் ஸ்ராட் பண்ணினால், அந்தக் களி ஒயில் பம்பின் வலையை அடைத்துவிடும். ஓடிய முதல் சில நிமிடங்களே அந்த எஞ்சினின் கடைசி நிமிடங்களாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. தொண்ணூறுகளில் பத்திக்குள் போன வண்டி ஈயமற்ற பெற்றோலை அறிந்ததே இல்லை. வால்வு உட்காரும் இருக்கைக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை போல இருந்தது. மெத்தை போனதும், வேகமாக நீண்டதூரம் ஓடும் வண்டியில் வார்ப்பிரும்பு இருக்கை தேயத் தொடங்கும். சந்தைக்கும் வீட்டுக்கும் இடையே மெதுவாக ஓடும் பிக்கப்பில் இந்தத் தேய்வு பெரிதாகத் தெரியாது. எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால், அதே செலவோடு கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுவது புத்தி.

காலுக்கு அடியில் இருக்கும் ஆபத்து

எழுப்ப வருபவர் எல்லோரும் பொனற்றைத்தான் முதலில் தூக்குகிறார்கள். என் கருத்து, வண்டியின் அடியில்தான் முதலில் படுக்கவேண்டும்.

மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு ஒயில் விடவேண்டும் என்றால் கால்விரிப்பை உயர்த்தி, தரையில் உள்ள மூடியைத் திறக்கவேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் ஓடிய காலத்திலேயே பலர் அதைக் கவனித்ததில்லை. பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் ஏறிய ஒயில் பல வருடம் அசையாமல் நின்றால் சிலிண்டரின் உட்சுவரில் துரு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். றப்பர் கிண்ணங்கள் கல்லாகும்.

இந்த வண்டியில் நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் சுற்றுத்தான். எங்கோ ஓரிடத்தில் ஒரு குழாய் வெடித்தால் நாலு பிறேக்கும் ஒன்றாகப் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹான்ட் பிறேக் மட்டும். அதன் கம்பியும் அதே பத்திக்குள், அதே ஈரத்தில் கிடந்ததுதான். எஞ்சின் பற்றிய மகிழ்ச்சியில் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு சுற்றுப் போய்வர நினைப்பவர் இதை ஒருகணம் யோசிக்கவேண்டும். நிற்க முடியாத வண்டி ஓடக்கூடாது.

முன்சில்லுகளுக்கும் தனிக் கவனம் வேண்டும். முன்சில்லைத் தாங்கும் தண்டு கீழே மரைபோட்ட ஒரு முட்டில் சுழல்கிறது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, திருப்பத்தில் தண்டு கழன்று, சில்லு மடிந்து விழும். மைனர் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த பழைய நோய் இது. வண்டியை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே ஆட்டம் கைக்குத் தெரியும்.

ரயர் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கலாம். பக்கச்சுவரை விரலால் அழுத்திப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் வாய் திறக்கும். காற்றடித்தால் காற்று நிற்கிறது என்பது ரயர் நல்லது என்பதற்கு அத்தாட்சி அல்ல. 14 அங்குலச் சில்லுக்குப் பொருத்தமான ரயர் தேடுவதற்குச் சிரமப்படவேண்டும். பட்டே ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் படிந்திருக்கும். வெளியே கழுவிவிட்டு, உள்ளே அடைப்போடு ஓட்டினால் எஞ்சின் சூடேறும், ஹெட் காஸ்கற் போகும். றேடியேற்றரைக் கழற்றிக் கொடுத்து உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்விப்பதே சரி. கடற்காற்றின் உப்புக்கும் கறையானுக்கும் சேசி தப்பியதா என்பதைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டு அறிவார்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். இற்றது மந்தமாக ஒலிக்கும், சிலவேளை சுத்தியல் உள்ளேயே போகும்.

---
பெட்டிச் செய்தி: திறப்பைத் திருப்ப முன்

தாங்கியில் மிஞ்சிய பழைய பெற்றோலை முழுக்க வடித்துவிட வேண்டும். பல வருடம் கிடந்த பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் துவாரங்களை அடைக்கும். பிளக் கழற்றிய நிலையில், ஹான்டில் கொண்டு கையாலேயே எஞ்சின் இலகுவாகச் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். கியரில் போட்டுக் கட்டி இழுப்பது கூடவே கூடாது. இறுகிய வால்வும் றிங்கும் உடைவது அப்போதுதான். வயரைச் சுற்றிய துணியை எலி தின்றிருக்கும்; வெறும் செம்பு தெரிகிறதா என்று டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் பார்க்கவேண்டும். பற்றறி பூட்டும்போது கவனம்: மைனரில் நேர்முனைதான் சேசியோடு இணைக்கப்படும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். இந்தப் பழக்கம் தெரியாத கையால் பற்றறி தலைகீழாகப் பூட்டப்படுவது அடிக்கடி நடக்கிறது.

---

யப்பான் எஞ்சின் போடலாமா?

ஒவ்வொரு கராச்சிலும் எழும் வாக்குவாதம் இது. சுலபமான வழி ஒன்று இருக்கிறது: பழைய எஞ்சினைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிடைக்கிற யப்பான் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொருத்துவது. பல வருடமாகத் தெற்கிலும் வடக்கிலும் செய்யப்படுவதுதான். அன்றாடம் சுமை ஏற்றவேண்டிய தோட்டக்காரரை இதற்காக நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது நாளை காலை சந்தைக்குப் போகும் வண்டி.

ஆனால் மாற்றத்தின் விளைவை முழுதாகச் சொல்லித்தான் மாற்றவேண்டும். கூடிய வலுவுள்ள எஞ்சினுக்குப் பின்னால் அதே பழைய டிரம் பிறேக்தான் இருக்கும். சேசியில் புதிதாக வெட்டிய தாங்கிகள் பிற்காலத்தில் வெடிக்கும் இடங்களாகும். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் விற்கும்போதும் விபத்தின்போதும் சிக்கல் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய பழைய எஞ்சின் அநேகமாகப் பழைய இரும்புக்காரரிடம் நிறையில் போகிறது. அது திரும்பி வராது. பிளொக் வெடிக்காமல், கிராங்க் தண்டு நேராக இருந்தால், அந்த எஞ்சினைச் செம்மையாக்க முடியும். பாகங்களும் இங்கிலாந்தில் புதிதாகவே விற்பனைக்கு உள்ளன. லண்டனில் ஒரு மகனோ மருமகனோ இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவு. லீவில் வருபவரின் பொதியில் சொக்கலேற்றுக்குப் பக்கத்தில் காஸ்கற் பெட்டியும் வருகிறது.

இந்தப் பாதையின் மறுதிசையும் நாம் மறக்கக்கூடாதது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், ஒரு காரைத் திருத்தித் திருத்தி நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதாடியவர். மைனர் பாகங்களைச் செய்விக்க அவர் தேடிவந்த நாடு இலங்கை. இங்கே கையால் அடித்து வளைத்த தகடுகள் தொண்ணூறுகளில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், பிறந்த மண்ணிலேயே அந்தக் கார்களுக்கு ஒட்டுப் போட்டன.

புத்தகம் எங்கே?

எஞ்சின் உறுமிய பிறகுதான் பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு வருகின்றன. வரிசை தலைகீழ். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் வளவுக்குள்ளேயே நின்றுவிடும்.

இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருக்கலாம். அப்பாவின் பெயரில் இருக்கலாம், அப்பா இல்லாமல் போயிருக்கலாம். அதற்கு முந்திய உரிமையாளரிடமிருந்து பெயரே மாற்றப்படாமல் இருக்கலாம். சேசி இலக்கத்தைத் துரு தின்றிருந்தால் வேலை இன்னும் கடினம். ஆகவே கம்பித் தூரிகையைக் கையில் எடுத்ததும் முதலில் தேடவேண்டியது அந்த இலக்கத் தகடு. அதைப் படம் எடுத்துவைத்துவிட்டுத்தான் உரசலோ ஒட்டோ பூச்சோ தொடங்கவேண்டும். பிறகு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வரும்.

2022 எரிபொருள் நெருக்கடியில் பதிவின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. எரிபொருளுக்கான கியூஆர் அட்டை பெற வாகன இலக்கமும் சேசி இலக்கமும் திணைக்களப் பதிவோடு பொருந்தவேண்டியிருந்தது. பொருந்தாத வண்டிக்கு ஒரு துளியும் இல்லை.

---
பெட்டிச் செய்தி: தகட்டில் ஓர் எழுத்து

மிகப் பழைய பிக்கப்களின் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஐம்பதுகளின் பிற்பாதியில் அந்த இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி 1957 தொடக்கத்திலேயே அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958 மார்ச்சில் அந்த எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்ட அரச பேருந்துகளில் மக்கள் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவரும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரல் 9ஆம் திகதி கிழிக்கப்பட்ட சூழலில் இந்தத் தகரத் துண்டுக்கும் பங்குண்டு. ஆகவே பழைய தகட்டைக் கழற்றி எறியாதீர்கள். புதுத்தகடு போட நேர்ந்தாலும் பழையதை வீட்டுக்குள் பத்திரப்படுத்துங்கள்.

---

கை மாறாத தொழில்

உதிரிப்பாகம் தபாலில் வரும். புத்தகத்தின் பிரதியை அலைந்து திரிந்து எடுக்கலாம். எனக்குக் கவலை தருவது மூன்றாவது தட்டுப்பாடு. காபரேற்றரைக் காதால் சரிசெய்யும் ஆட்கள் குறைந்து வருகிறார்கள்.

தடைக்காலத்து மெக்கானிக்மார் பாகம் இல்லாத இடத்தில் பாகம் செய்தவர்கள். கடதாசி மட்டையை உலோக விளிம்பில் வைத்துச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் தட்டித் தட்டியே காஸ்கற் வெட்டியவர்கள். அவர்களில் பலர் வெளிநாடு போனார்கள். இருப்பவர்களுக்கு வயது எழுபது, எண்பது. அவர்களிடம் பழக வரும் பெடியன்கள் இல்லை. இன்று வாகனத் தொழில் கற்பவர் கணினியை வண்டியில் பூட்டிப் பிழையைத் திரையில் வாசிக்கப் பழகுகிறார். அது தேவையான படிப்பு. ஆனால் திரை இல்லாத வண்டியின் முன்னால் அவர் கை கட்டி நிற்கவேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய மெக்கானிக் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது ஹான்டிலைப் போட்டு மெல்ல அழுத்தினார். முதலில் அசையவில்லை. அவர் பலம் கொடுக்கவில்லை. முன்னும் பின்னுமாக நூலளவு ஆட்டினார், விட்டார், மறுபடி ஆட்டினார். எஞ்சின் கால் சுற்று இறங்கியது. பிறகு முழுச்சுற்று. அதன் பிறகும் ஸ்ராட் பண்ணவில்லை. வால்வு மூடியைக் கழற்றி, பையிலிருந்து இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளை எடுத்தார். வால்வுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 12, பொயின்ருக்கு 15, பிளக்குக்கு 25. எழுதிவைத்த தாள் எதுவும் அவரிடம் இல்லை. தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுக்கும்போது விரலில் உணரும் பிடிப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று லண்டன் மகனின் விரலைப் பிடித்துக் காட்டினார். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது.

வண்டியை எழுப்பப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை நடக்கும் நாட்களில் உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஓர் இளையவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், எந்த அளவு வைத்தோம் என்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் இப்படியொரு பிக்கப்பைத் தம் பட்டறைக்குள் எடுத்தால், எரிபொருள் எப்படிக் காற்றோடு கலக்கிறது, தீப்பொறி எப்போது பாய்கிறது என்பதை மாணவர் கண்ணால் பார்த்துப் படிக்கலாம். மூடி மறைத்த பாகம் எதுவும் அதில் இல்லை. கொடுக்க விரும்பும் குடும்பங்கள் உண்டு, சொல்லிக்கொடுக்க விரும்பும் முதியவர்களும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் அவர்களை அழைத்து, அதற்குரிய கூலியும் கொடுத்து, இதை இந்த ஆண்டே தொடங்கவேண்டும்.